கவர்னர் படுத்த கட்டில்

கவர்னர் ஒருவர் படுத்தெழும்பிய கட்டிலை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

நான் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெற்கே, கடலுக்கும் களப்பு என்கிற உப்பேரிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற ஒரு மணல் தீவில். டச்சுக்காரன் கட்டி, இங்கிலீஷ்காரன் வாங்கி, இப்போது ஒரு கைம்பெண் துரைசானி ஆண்டுகொண்டிருக்கிற பெரிய வீட்டில்.

இவ்வளவு நாளும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு மனிதரின் வேலை சம்பந்தப்பட்ட விஷயம். போன வியாழக்கிழமைதான் முடிவு தெரிந்தது. இனி எழுதலாம். துரைசானி தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதில்லை என்ற தைரியமும் இருக்கிறது.

இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு சிவகாமியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். என் மனைவி. தொழில், மருத்துவிச்சி. வெள்ளவத்தை, பாமன்கடை, ஹெவ்லொக் டவுன் என்று இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப்பேர் உலகத்தில் வாங்கிய முதல் அடி அவளுடைய கையால் வாங்கியது. சனம் அவளை 'மிஸ்ஸி' என்கிறது. என்னை 'மிஸ்ஸியின்ட புருஷன்' என்கிறது. நான் கந்தோரில் கிளாக்கர், நெக்டை கட்டுகிறவன், கிழமைக்கொருதரம் பத்திரிகையில் எழுதுகிறவன் — இதெல்லாம் ஒருவருக்கும் பொருட்டில்லை.

சிவகாமிக்கு லீவு என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் கலண்டர் பார்த்தா பிறக்கின்றன? தீபாவளியன்று முறுக்கு மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். எங்கள் கலியாண நாளன்று என்னைக் கடற்கரையில் உட்கார வைத்துவிட்டுப் போனவள், மறுநாள் காலைதான் வீட்டுக்கு வந்தாள்.

அப்படியிருக்க, காலி வீதியில் குடைக்கடை வைத்திருக்கிற ஹமீது நானா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். அந்தத் துரைசானியின், அவர் வாயில் 'நோனா'வின், குடைகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பவர் அவர்தான். அதனால் அந்த வீட்டில் அவருக்குச் செல்வாக்கு உண்டு.

"தம்பி, நோனா நுவரெலியாவுக்குப் போயீக்கிறா. அவ இல்லாத நேரம் வீட்டப் பார்க்க ஆக்கள விடுற. வீட்டுக்குப் பொறுப்பான சைமன் அப்பு நம்மட மனிசன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒருக்காப் போய்ட்டு வருவம். பழைய வீடு, நல்ல காத்து, எத்தனையோ சாதிக் குருவி..."

ஆச்சரியம், சிவகாமி ஓமென்றாள். அந்தக் கிழமை அவளுடைய புத்தகத்தில் ஒருவருக்கும் நாள் நெருங்கியிருக்கவில்லை. ஆனால் புறப்படுகிற நேரம் பார்த்தால், கையில் அந்தக் கறுத்தத் தோல் பை.

"இஞ்சாரும், அதை வீட்டில வையும்," என்றேன்.

"ஏன்? உங்கட தோளிலயா தொங்குது?"

"அந்தத் தீவில ஆர் பிள்ளை பெறப் போகினம்? அங்க கிடக்கிறது கொக்கும் கபரகொய்யாவும்தான். ஒருநாளைக்காவது மனிசரைப் போல வெறுங்கையோட வாரும்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தாள். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் வென்ற ஒரே வாக்குவாதம் அதுதான். வென்றிருக்கவே கூடாத வாக்குவாதமும் அதுதான்.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் காலைக் கோச்சி ஏறினோம். நான் வெள்ளை ட்ரில் கோட், காற்சட்டை, நெக்டை. சரித்திரம் பார்க்கப் போகிறவன் சரித்திரத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா? ஹமீது நானா சாரம், வெள்ளைச் சேர்ட், சிவப்புத் தொப்பி. மடியில் அவருடைய வீட்டார் கட்டிக்கொடுத்த இடியப்பப் பொதி. சிவகாமி யன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். பாணந்துறை வருவதற்கிடையில் நித்திரையாகிவிட்டாள். மற்றவர்களுக்கு லீவு என்றால் பார்ப்பது. அவளுக்கு லீவு என்றால் கண்ணை மூடுவது.

ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் களப்பு. வள்ளக்காரர் ஒருவர் எங்களை அக்கரைக்குக் கொண்டுபோனார். போகிற வழியில் கையை நீட்டிக் காட்டினார். களப்பு கடலோடு சேருகிற வாயை மணல் அடைத்துவிட்டதாம். இப்போது மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லை, ஏறிக்கொண்டே இருக்கும். அளவு மிஞ்சினால் ஊராட்கள் மண்வெட்டியோடு வந்து மணலை வெட்டிவிடுவார்களாம். "பின்னேரம் நாலு மணிக்கு வந்து ஏத்துறேன்" என்று சொல்லிவிட்டு, வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். நானும் பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது. வானத்தைப் பார்க்கத் தெரியாதவனுக்கு அது எப்போதும் நீலம்தான்.

தீவு அழகான தீவு. பொய் சொல்லக்கூடாது. ஒரு பக்கம் கடல் யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் களப்பு, ஒன்றும் காதில் விழாத மாதிரிப் படுத்திருக்கிறது. நடுவில் தாழம்புதரும் கண்டல் மரமும் தென்னையும். கண்டல் வேரில் வரிசையாக நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நின்றன, உடுப்புத் தோய்த்த வீட்டு முற்றம் போல. வெள்ளைக்காரர் இவற்றைப் பார்ப்பதற்கென்றே தூரக்கண்ணாடியும் தொப்பியுமாகக் கப்பலேறி வருகிறார்கள். நானும் ஒரு குருவியை உற்றுப் பார்த்து, அதன் நிறம், வால், கொண்டை எல்லாம் குறிப்பெடுத்தேன்.

"தம்பி, இது திங்கிற சாதியா?" என்று கேட்டார் ஹமீது நானா.

பாதையில் ஒரு கபரகொய்யா, உடும்பின் பெரியண்ணன், குறுக்கே வந்தது. ஆறடி இருக்கும். நாக்கை நீட்டி என்னைப் பார்த்தது. அடுத்த கணம் நான் ஒரு கல் பெஞ்சுக்கு மேலே நின்றேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். சிவகாமி அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டு, "அது போயிட்டுது, இறங்குங்கோ" என்றாள். இயற்கையைப் பற்றி இவ்வளவு போதும்.

வீட்டுக்கு வருவோம்.

தூணும் விறாந்தையுமாக ஒரு கப்பல் மாதிரி நின்றது. படியில் சைமன் அப்பு. அறுபது வயதிருக்கும். வெள்ளைக் கோட், பித்தளைப் பொத்தான், வெள்ளைச் சாரம். அவர் பேசியது முழுக்கச் சிங்களம். நான் நம்மட தமிழில் தருகிறேன்.

"மாத்தயா முன்வாசலால வரலாம்," என்றார் என் காற்சட்டையைப் பார்த்து. "ஹமீது முதலாளி அந்தப் பக்கத்து வாசலால வரவேணும். நோனாவின்ட சட்டம். முன்வாசல் காற்சட்டைக்காரருக்கு."

"அப்பு, நீங்களும் சாரந்தானே?" என்றார் ஹமீது நானா.

"அதனாலதான் நான் பின்வாசலால வாறது."

சேலைக்கு என்ன சட்டம் என்று நான் கேட்டேன். அப்பு தலையைச் சொறிந்தார். யாரும் இதுவரை கேட்டதில்லை போலும். சிவகாமி பதிலுக்குக் காத்திராமல் முன்வாசலால் உள்ளே போய்விட்டாள்.

உள்ளே என்ன இருந்தது? பெரிய மனிதர் வீடுகளில் இருக்கிற எல்லாம் இருந்தது. ஓடாத மணிக்கூடு. ஒருவரும் வாசிக்காத புத்தகம். சுவரில் ஒரு மான் தலை, பக்கத்தில் மானைச் சுட்ட துரையின் படம். இரண்டில் மானின் முகத்தில்தான் கொஞ்சம் யோசனை தெரிந்தது. சிங்கக்கால் வைத்த குளிக்கும் தொட்டியைப் பார்த்து ஹமீது நானா, "இதுக்குள்ள ஒரு ஆடு சமைக்கேலும்" என்றார்.

கூடத்து மேசையில் வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் தடித்த புத்தகம். நான் அதில் இங்கிலீஷில் ஐந்து வரி எழுதினேன். பழங்காலத்தின் மகிமை, இயற்கையின் மடி, அது இது என்று. எழுதிவிட்டு எட்ட நின்று ஒருதரம் வாசித்தேன். எனக்கே கண் கலங்கியது.

கடைசியாக மேல்மாடி. அங்கேதான் அந்த அறை. மற்ற அறையெல்லாம் பூட்டு, திறப்புக்கொத்து நோனாவோடு நுவரெலியாவில். இந்த ஒன்று மட்டும் பார்வையாளருக்காகத் திறந்திருந்தது. நடுவில் கருங்காலிக் கட்டில், சுற்றிவரச் சிவப்பு வெல்வெற் கயிறு, கயிற்றில் இங்கிலீஷில் ஓர் அட்டை. இன்ன கவர்னர் ஒரு இரவு இங்கே நித்திரை கொண்டார். பெயர் மறந்துவிட்டேன். சரித்திரமும் மறந்திருக்கும்.

"அவர் படுத்த அதே மெத்தை," என்றார் அப்பு, கோயிலில் கதைக்கிற குரலில். "ஒருத்தரும் தொடுறதில்லை. தூசி தட்டுறது நான் மட்டும். அதுவும் இறகால."

சிவகாமி கயிற்றுக்கு மேலால் குனிந்து மெத்தையைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள்.

"மிஸ்ஸி நோனா!"

"நல்ல இலவம்பஞ்சு," என்றாள் சிவகாமி.

மத்தியானம் கீழ் விறாந்தையில் உட்கார்ந்து இடியப்பப் பொதியை அவிழ்த்தோம். அப்போதுதான் மழை வந்தது. தூறி, யோசித்து வருகிற மழை அல்ல. கடல் எழும்பிக் கரைக்கு வந்துவிட்டதோ என்று நினைக்கிற மழை. அரைமணித்தியாலத்தில் களப்பும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. அக்கரை தெரியவில்லை. வள்ளம் எங்கே வரப்போகிறது?

நான் கட்டாச் சம்பலை வழித்துக்கொண்டிருந்தேன். வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு சத்தம். மழைக்குள்ளால் மெல்லியதாக வந்தது. குருவி என்று நினைத்தேன்.

சிவகாமியின் கை வாய்க்குக் கிட்ட அப்படியே நின்றுவிட்டது.

"அப்பு, பின்னால ஆர் இருக்கினம்?"

"என்ட மகள் லீலா. வயித்தில முதல் பிள்ளை. அதுக்கு இன்னும் மூண்டு கிழமை இருக்கு. புதன்கிழமை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக..."

அவர் முடிப்பதற்குள் அவள் எழும்பி மழைக்குள் ஓடிவிட்டாள். கையில் ஒட்டியிருந்த இடியப்பத்தோடு.

திரும்பி வந்தபோது சேலை முழங்கால்வரை சேறு. இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். சிவகாமியின் சிங்களம் பிள்ளைப்பேற்று அறைகளில் படித்த சிங்களம். அதில் கட்டளை மட்டும்தான் உண்டு. மரியாதைச் சொல், சுற்றி வளைப்பு ஒன்றும் கிடையாது. அந்தச் சிங்களத்தில் அவள் சைமன் அப்புவிடம் சொன்னது இதுதான்.

"உன்ட அறைக்குள்ள தண்ணி கணுக்காலுக்கு மேல. பாய் மிதக்குது. பிள்ளை காலாலதான் வரப்போகுது. ஒரு மணித்தியாலமோ, ரெண்டோ. அவளை அங்க வைச்சிருந்தா ரெண்டு பேரையும் இழப்பாய். மேல ஒரு கட்டில் இருக்கு."

எந்தக் கட்டில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்புவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "மிஸ்ஸி நோனா... அது கவர்னர் படுத்த கட்டில்."

"கவர்னர் படுத்து என்ன செய்தவர்?"

"நித்திரை கொண்டார்."

"அவ்வளவுதானே. இவளுக்கு அதில வேலை இருக்கு."

"நோனா என்னை வெளியில போட்டுடுவா. முப்பது வருஷமா இந்த வீட்டில..."

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நடுவில் புகுந்து, "சாப்பாட்டு மேசை நீளமாகத்தானே இருக்கு?" என்றேன்.

"நீங்கள் ஏறிப் படுத்துப் பாருங்கோ," என்றாள் சிவகாமி. அதோடு என் பங்கு முடிந்தது.

பின்னாலிருந்து மறுபடியும் சத்தம். இந்தமுறை குருவி என்று யாரும் நினைக்க வழியில்லை.

சைமன் அப்பு திரும்பி மாடிப்படி ஏறினார். நானும் பின்னால் போனேன். கட்டிலருகே நின்று அந்த வெல்வெற் கயிற்றின் கொளுக்கியைக் கழற்றப் பார்த்தார். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை கழன்றது. கயிற்றை ஒழுங்காகச் சுருட்டிக் கதிரையில் வைத்தார். அட்டையை எடுத்து மேசை லாச்சிக்குள் முகங்குப்புறப் போட்டார். பிறகு படியில் ஓடி இறங்கினார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடி நான் கண்டதில்லை.

மகளை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பின்படி தண்ணீருக்குள் போய்விட்டது. முன்வாசலால்தான் வந்தார்.

சிவகாமி சட்டையின் கையை மடித்தாள். பழக்கதோஷத்தில் பக்கத்தில் கையை நீட்டினாள். பை இருக்கிற இடம். அங்கே ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

"கத்தரிக்கோல், நூல், துணி, கொதிதண்ணி, சாராயம் ஏதும் இருந்தா அதுவும். ஓடுங்கோ."

ஓடினோம். நோனாவின் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலும் நூலும் வந்தன. அலுமாரியிலிருந்து நோனாவின் பெயரின் முதலெழுத்துத் தைத்த வெள்ளை விரிப்புகள் வந்தன. கண்ணாடி அலுமாரிக்குள்ளிருந்து செத்துப்போன துரையின் பிராண்டி. ஹமீது நானா போத்தலைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "தம்பி, அத நீங்க தூக்குங்கோ. அடுப்ப நான் பார்த்துக்கொள்றன்." ஆனால் விறகெல்லாம் நனைந்து போயிருந்தது. அவர் வீட்டைச் சுற்றித் தேடி, துரைமார் புல்வெளியில் பந்து தட்டுகிற மரச்சுத்தியல்களைக் கண்டுபிடித்தார். ஒரு டசின் இருந்தது. நல்ல காய்ந்த மரம். விறாந்தை மூலையில் அவை எரிய, வெள்ளித் தேத்தண்ணிக் கெண்டியில் தண்ணீர் கொதித்தது.

கதவு சாத்தப்பட்டது. ஆண்கள் மூன்று பேரும் வெளியே.

நான் பல மேசைகளில் இருந்து பல விஷயங்கள் எழுதியிருக்கிறேன். பெண்களின் பொறுமை, தாய்மையின் பெருமை என்று பத்திகூட எழுதியிருக்கிறேன். அந்தக் கதவுக்கு வெளியே ஒரு மணித்தியாலம் நின்ற பிறகு, எழுதியதையெல்லாம் திரும்ப வாங்கிக் கிழித்துப்போடலாமா என்று தோன்றியது. உள்ளே லீலாவின் குரல். அதற்கு மேலால் சிவகாமியின் குரல். "இப்ப வேண்டாம். பொறு. பொறு என்றன். இப்ப!"

சைமன் அப்பு தரையில் உட்கார்ந்து ஒரு வெள்ளிக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே கரண்டியைத்தான். துடைத்து, பார்த்து, மறுபடியும் துடைத்தார்.

"இவள் பிறந்ததும் இப்படி ஒரு மழையிலதான்," என்றார் கரண்டியிடம். "பின் அறையில. அப்பவும் வள்ளம் வரயில்லை. அந்த நேரம் இந்த அறையில ஒருத்தரும் இல்லை. கட்டில் சும்மாதான் கிடந்தது. எனக்குக் கேக்கத் தோணயில்லை." கரண்டியைத் திருப்பிப் பிடித்தார். "இவளின்ட அம்மா விடியுமுன்னம் போயிட்டா."

ஹமீது நானா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கையிலிருந்த கரண்டியை வாங்கித் தானும் துடைக்கத் தொடங்கினார்.

பிறகு உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது.

லீலாவின் குரல் இல்லை. சிவகாமியின் குரல் இல்லை. பிள்ளையின் குரலும் இல்லை. மழைகூடக் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கடல் மட்டும் கேட்டது. எனக்குக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற கறுத்தப் பை கண்ணுக்குள் நின்றது. எங்கள் கட்டிலுக்குக் கீழே, வெள்ளவத்தையில். நான் சொல்லி வைத்த பை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சிவகாமியின் குரல் வந்தது. மெதுவாக, தமிழில், ஒரு சோம்பேறியை எழுப்புகிற மாதிரி.

"அடே, மூச்செடு. எடடா. இவ்வளவு தூரம் வந்திட்டு என்ன யோசினை? எடு."

ஒரு அடிச் சத்தம். இன்னொன்று.

பிறகு ஒரு கதறல். பூனைக்குட்டி மாதிரித் தொடங்கி, பொலிஸ்காரன் விசில் மாதிரி முடிந்தது.

சைமன் அப்பு முகத்தைச் சாரத்தில் புதைத்துக்கொண்டார். ஹமீது நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நெக்டை கழுத்தை இறுக்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

சிவகாமி வெளியே வந்து, அங்கே கிடந்த பட்டு மெத்தை தைத்த கதிரையில் அப்படியே விழுந்தாள். என் மனைவி அப்படி விழுந்து உட்கார்ந்து நான் கண்டது அன்றுதான்.

"பெடியன். கொடி கழுத்தில ரெண்டு சுத்து. ஊதி ஊதித்தான் மூச்சு வந்தது," என்றாள். "பைக்குள்ள ஒரு சின்ன ரப்பர்க் குழாய் வைச்சிருக்கிறன். அது இருந்திருந்தா..."

"என்னை மன்னிச்சுக்கொள்ளும்," என்றேன்.

"அதைப் பிறகு சொல்லுங்கோ. இப்ப தேத்தண்ணி."

போட்டுக்கொடுத்தேன். நோனாவின் பீங்கானில். என் வாழ்நாளில் நான் போட்ட தேத்தண்ணிகளில் அதைத்தான் அவள் குறை சொல்லாமல் குடித்தாள்.

ஐந்து மணிக்கு முன்னம் அக்கரையில் ஆட்கள் குரல். ஊராட்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். மேல்மாடி யன்னலால் பார்த்தோம். முதலில் ஒரு கை அகல வாய்க்கால். பிறகு ஒரு வண்டி அகலம். பிறகு தண்ணீர் தானே மணலைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. கபில நிறக் களப்பு நீலக் கடலுக்குள் ஒரு பெரிய நாக்கு மாதிரி நீண்டுகொண்டே போனது. லீலா தலையணையில் சாய்ந்தபடி அதைப் பார்த்தாள். பிள்ளை பார்க்கவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது.

வள்ளம் வந்தது. லீலாவை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நாங்கள் கடைசிக் கோச்சியைப் பிடித்தோம். அப்புவுக்கு நாங்கள் சொன்ன யோசனை இதுதான். விரிப்பைத் தோய். மெத்தையைத் திருப்பிப் போட்டு வெயில் காட்டு. கயிற்றைக் கட்டு. அட்டையைத் தொங்கவிடு. வாயைத் திறக்காதே. நோனாவுக்கு எங்கே தெரியப்போகிறது?

கோச்சி அளுத்கமை தாண்டும்போது சும்மா கேட்டேன். "பிறந்த நேரத்தைக் குறிச்சனீரோ? பதியிறதுக்கு வேணுமல்லோ?"

"ஓம், ஓம். குறிக்காமல் விடுவனே?" என்றாள் கண்ணை மூடியபடி. "வேற கடதாசி கிடைக்கேல்ல. அந்தக் கூடத்து மேசையில ஒரு பெரிய புத்தகம் கிடந்தது. அதில நேரத்தை எழுதிப்போட்டுத்தான் ஆஸ்பத்திரித் துண்டுக்குப் பார்த்து எழுதினனான்."

"எந்தப் பெரிய புத்தகம்?"

"நீங்கள் ஏதோ கதையளந்து எழுதியிருந்தீங்களே, அதுக்குக் கீழ."

ஹமீது நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"என்னெண்டு எழுதினீர்?"

"வழமையா இங்கிலீஷில எழுதிறதுதான். ஆண் பிள்ளை. கால் முன்வந்த பேறு. பிற்பகல் மூன்று நாற்பது. தாயும் பிள்ளையும் சுகம். இடம், கவர்னரின் அறை." ஒரு கண்ணைத் திறந்தாள். "கையெழுத்தும் போட்டனான். ஏன்?"

ஏன் என்றா கேட்கிறாள்!

அடுத்த ஞாயிறே போய் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நானும் ஹமீது நானாவும் திட்டம் போட்டோம். ஆனால் வெள்ளிக்கிழமையே அவருக்குத் தீவிலிருந்து தகவல் வந்தது. நோனா நுவரெலியாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டா, பழுதான குடைகளை வந்து எடுக்கட்டாம். நான் மன்னிப்புக் கேட்டு இங்கிலீஷில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். சிவகாமி அதை வாசித்துவிட்டு, "பிள்ளை பிறந்ததுக்கு மன்னிப்போ?" என்று கேட்டாள். கடிதம் போகவில்லை. இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் ஒருநாள் காற்று வாங்கப் போய், முப்பது வருஷம் உழைத்த மனிதரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமா?

போன வியாழக்கிழமை பின்னேரம் சைமன் அப்பு வந்தார். கூடையை வாசலில் வைத்தார். நண்டுகள் உள்ளே சண்டை பிடித்தன. முன்வாசலால் வரச் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு ஒரு வாசல்தான், ஆனாலும் சொன்னேன். உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னார்.

நோனா விருந்தாளிகளோடு தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அந்தப் புத்தகத்தைப் புரட்டினாவாம். விருந்தாளி ஒருத்தி சிவகாமியின் வரிகளை உரக்க வாசித்துவிட்டா. நோனா கேட்டது ஒரே கேள்வி. "கயிற்றை யார் அவிழ்த்தது?"

"நான்தான், நோனா," என்றாராம் அப்பு. மிஸ்ஸி சொன்னா என்று சொல்லவில்லை. மழை என்று சொல்லவில்லை. நான்தான் என்றார்.

நோனா அவரை வெளியே போடவில்லை. இரக்கம் என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்தத் தீவில் தனியாகக் கிடக்க வேறு யார் வருவார்கள்? புத்தகத்தின் அந்தப் பக்கத்தை ஒரு சவரப் பிளேட்டால் அளவாக வெட்டி எடுத்தா. என்னுடைய ஐந்து வரியும் அதோடு போய்விட்டது. சரித்திரத்துக்கு அது ஒரு நட்டமில்லை. கவர்னர் ஒருவர் ஓரிரவு குறட்டை விட்டதற்கு வெல்வெற் கயிறும் அட்டையும். ஒரு பெண் செத்துப் பிழைத்து ஓர் உயிரைக் கொண்டு வந்ததற்கு ஒரு பிளேட். இந்த நாட்டில் என்னத்தைப் பேணி வைப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள், பார்த்தீர்களா?

மெத்தையைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டு, நோனா கொழும்பிலிருந்து புதுமெத்தை எடுப்பித்தா. கயிறு பழையபடி. அட்டை பழையபடி. கவர்னர் கண்ணாலும் காணாத மெத்தையைப் பார்க்கச் சனம் இப்போதும் வள்ளமேறிப் போகிறது. அப்பு இப்போதும் கோயில் குரலில்தான் விளக்கம் சொல்கிறார்.

"பழைய மெத்தையை எறிஞ்சீங்களோ?" என்று கேட்டேன்.

"அவ்வளவு நல்ல இலவம்பஞ்சை எறிய மனம் வருமா, மாத்தயா?" என்றார். "பேரன் அதிலதான் படுக்கிறான். நல்ல நித்திரை. ஒண்டுதான் கரைச்சல். ஒவ்வொரு நாளும் வெயிலில காயப்போட வேண்டியிருக்கு."

கவர்னர் படுத்த மறுநாளும் அதைக் காயப்போட வேண்டி வந்ததா என்று நான் கேட்கவில்லை.